சின்ன எழுத்து பிறந்த ஊர்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பலர் டேனிஷ் கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, கடற்கரையில் சற்று நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோட்டை பார்க்க வேண்டியதுதான். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பியது அது. ஆனாலும் ராஜ வீதிக்குள் நடந்து புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மிஷனரி சீகன்பால்குவின் காலத்தில், இந்த ஊரின் தேவைக்காகப் பிறந்த சின்னஞ்சிறு பொருள் ஒன்றின் கதைதான் எனக்குக் கோட்டையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அதை ஓலையில் பிரதி எடுப்பதென்றால் ஒவ்வொரு பிரதிக்கும் ஒருவர் எழுத்தாணியோடு உட்கார வேண்டும். அச்சுப்பொறி வேண்டும் என்று ஐரோப்பாவுக்குக் கடிதம் போனது. லண்டனின் எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கம் ஒன்றை அனுப்பியது. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் ரியோ டி ஜெனீரோவில் பிடித்துக்கொண்டார்கள். அச்சுப்பொறி எப்படியோ தப்பியது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். 1712இல் பொறி வந்து சேர்ந்தபோது அதனுடன் இருந்தவை ரோமன் எழுத்துகள். தமிழ் அச்சிட வழியில்லை.

தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. இங்கிருந்து அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, தமிழே அறியாதவர்கள் செதுக்கியவை அவை. அந்த உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் எழுத்துகள் மிகப் பெரியவை. பக்கத்துக்குக் கொஞ்சம் சொற்களே அடங்கும். காகிதமோ கடல் தாண்டி வர வேண்டும்.

காகிதத்தை மிச்சப்படுத்த எழுத்தைச் சிறிதாக்குவதே வழி. அந்த எழுத்துகளோடு வந்திருந்த அட்லர் என்ற ஜெர்மானியர், இங்கேயே அச்சு வெட்டி வார்க்கத் துணிந்தார். தமிழில் இது எளிதல்ல. ணகரத்தின் சுழிகளைச் சிறிதாக வெட்டினால் உள்ளிடம் மையில் அடைத்துக்கொள்ளும். வார்ப்பதற்கு ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து சங்கம் அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டிகளை மூடியிருந்த ஈயத் தகடுகளையே உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு வந்த தகடு தமிழ் எழுத்தாயிற்று!

இந்தக் கதைக்குச் சாட்சி அச்சான அந்தப் புதிய ஏற்பாடே. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஹாலேயின் பெரிய எழுத்தில் அச்சாயின. 1715இல் முடிந்த மீதிப் பகுதி உள்ளூரில் வார்த்த சிறிய எழுத்தில் வந்தது. ஒரே புதிய ஏற்பாட்டில் இரண்டு அளவு எழுத்து. அச்சுக்கலையின் அவசரமும் வறுமையும் விடாப்பிடியும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் பக்கங்கள் தமிழில் அபூர்வம்.

காகிதத்துக்கும் பிறரை நம்பியிருக்க முடியாது என்று பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் தொடங்கினார்கள். சீகன்பால்கு 1719இல், பழைய ஏற்பாட்டை ரூத்தின் ஆகமம் வரை தமிழாக்கிய நிலையில், முப்பத்தாறு வயதில் காலமானார். மீதியை பெஞ்சமின் சூல்ட்சே மொழிபெயர்த்தார். தரங்கம்பாடி அச்சகம் 1728க்குள் அதையும் அச்சிட்டு முடித்தது.