துணைக்கு வந்த படை: திருச்சியில் மைசூரார், 1752–1755

ஜீயபுரத்தில் நின்று பார்த்தால் கரூர்ச் சாலையும் காவிரியும் பக்கம்பக்கமாக ஓடுவது தெரியும். 1752 தொடக்கத்தில் மைசூர்ப் படை கரூரிலிருந்து காவிரிக் கரையோரமாகத்தான் திருச்சிக்கு இறங்கியது. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் போரிட்ட காலம். அந்த வழக்கில் மைசூருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. பின் ஏன் வந்தது?

1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருதீன் மாண்டபின் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் கோட்டையை வளைத்தனர். கையில் பணமில்லாத முகமது அலி, மைசூரின் சர்வாதிகாரி நஞ்சராஜரிடம் உதவி கேட்டார். அதற்கு விலையாக, திருச்சியையே தருவதாக இரகசியமாக வாக்களித்தார். அவருக்குத் துணைநின்ற ஆங்கிலேயக் கும்பினியாருக்குக்கூட இது தெரியாது. நஞ்சராஜரின் செலவில் மராட்டியர் முராரி ராவும் வந்தார். 1741 முதல் 1743 வரை இதே கோட்டையை ஆண்டவர் அவர். தஞ்சையிலிருந்து தளபதி மானோஜி 3,000 குதிரையும் 2,000 காலாளும் கொண்டுவந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமான் 400 குதிரையும் 3,000 கள்ளர் படையும் அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர் ஓர்ம் கணக்கிடுகிறார்.

நிலைமை தலைகீழானது. பிரெஞ்சுத் தளபதி லா திருவானைக்கா கோயிலிலும், சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் அடைபட்டனர். 1752 ஜூனில் லா சரணடைந்தார். மானோஜியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. அரங்கன் கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திரர்கள் மட்டும், உள் மதில்களைத் தாண்டி எவரேனும் காலெடுத்து வைத்தால் வெட்டுவோம் என்று வாளோடு நின்றார்கள். ஆங்கிலேயர் அதை மதித்து விலகினர். யாருக்கோ சண்டையிட வந்தவர்கள், தோற்ற நாளிலும் கோயிலைக் காத்து நின்ற இக்காட்சி இந்தப் போர்க்கதையில் என் மனத்தை விட்டு அகலாதது.

போர் அங்கே முடிந்திருக்க வேண்டும். நஞ்சராஜர் திருச்சியைக் கேட்டார். முகமது அலி தட்டிக் கழித்து ஸ்ரீரங்கத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார். எரிகிற வீட்டில் பிடுங்க வந்தவர் என்று நஞ்சராஜரை ஏசுவது எளிது. ஆனால் வாக்குத் தவறியவர் நவாப் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1753க்குள் மைசூரும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தனர். பொன்மலை போர்க்களமானது, உய்யக்கொண்டான் திருமலைக் கோயில் காவல்தளமானது. பஞ்சத்தில் தவித்த கோட்டைக்குத் தொண்டைமான் சீமைக் காட்டு வழியே நெல் வந்தது. அதற்காக அச்சீமை சூறையாடப்பட்டது. 1754இல் பிரெஞ்சுத் தரப்பினர் கோவிலடியில் காவிரிக் கரையை வெட்டி, தஞ்சைக்குப் பாயும் நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டனர். தஞ்சை உழவர் யாரிடமும் பட்டம் கேட்டவர்களல்லர்.

பிறர் போருக்குள் இப்படி நுழைந்தது மைசூர் மட்டுமல்ல. ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, 1918 முதல் 1922 வரை, பின்லாந்துத் தொண்டர் படைகள் எல்லை தாண்டிக் கிழக்குக் கரேலியாவுக்குள் போயின. இனப்பற்று அவர்களை அழைத்தது. மைசூரை அழைத்தது மண். ஆனாலும் பக்கத்து வீட்டுச் சண்டையில் எல்லைக்கல்லை நகர்த்தலாம் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே. 1920 தார்த்து உடன்படிக்கையில் பின்லாந்து பெட்சமோவைப் பெற்றது, கரேலியா கிடைக்கவில்லை.

நஞ்சராஜர் 1755இல் வெறுங்கையோடு திரும்பினார். கஜானா காலி, படைக்குச் சம்பளப் பாக்கி. திருச்சியில் அவருக்குக் கீழே பணியாற்றிய ஹைதர் அலி அதே ஆண்டு திண்டுக்கல் பவுஜுதார் ஆனார். 1758இல் சம்பளம் கேட்டுக் கலகம் செய்த படையை அவரே சமாதானப்படுத்தினார். 1761இல் மைசூர் அவர் கைக்கு வந்தது. 1781இல் ஹைதர் மீண்டும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். இம்முறை யாருக்கும் துணையாக அல்ல.