காவலறையிலிருந்து வரும் செய்தி: மட்டாஞ்சேரி முதல் எர்ணாகுளம் நீதிமன்றங்கள் வரை

1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில், வேலைநிறுத்தத்தில் இருந்த கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்து, செய்தலவி என்னும் இரு தொழிலாளர்கள் குண்டுபட்டு இறந்தனர். காவல்துறையிடம் பிடிபட்ட அந்தோணி என்னும் மூன்றாமவர் அங்கு பட்ட அடியால் உயிரிழந்தார். போராட்டம் 'சாப்பா' முறைக்கு எதிரானது. வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகள் எறியப்படும். முண்டியடித்து அவற்றைக் கைப்பற்றியவர்களுக்கே அன்றைய வேலை.

இந்த மூன்று சாவுகளும் கேரளத் தொழிலாளர் வரலாற்றில் ஒன்றாகவே நினைவுகூரப்படுகின்றன. ஆயினும் செய்தியின் கோணத்திலிருந்து பார்த்தால் அவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. முதல் இருவர் இறந்தது தெருவில். அதைக் கண்டவர்கள் பலர். காவல்துறை எந்த விளக்கம் அளித்தாலும் அதை மறுத்துரைக்க ஆள் இருந்தது. அந்தோணி அடிபட்டது காவலில். அங்கு நடந்ததை அறிந்தவர்கள் அடித்தவர்களும் அடிபட்டவருமே. காவல்துறைக்கும் செய்தி ஊடகங்களுக்கும் உள்ள உறவு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். தெருவில் நடப்பதற்குச் செய்தியாளர் தாமே சாட்சியாகலாம். காவலறையில் நடப்பதற்குக் காவல்துறை ஒன்றே செய்தி மூலம். அந்த ஒற்றை மூலம் மூன்று வழிகளில் செயல்பட முடியும்: மறைக்கலாம், பொய் சொல்லலாம், வேண்டியதை மட்டும் கசியவிடலாம். பின்வந்த நாற்பதாண்டுகளில் இம்மூன்றையும் கேரளம் கண்டது. அவற்றுக்கான தீர்ப்புகளில் முக்கியமான சில, மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையிலுள்ள எர்ணாகுளத்தின் நீதிமன்றங்களில் எழுதப்பட்டன.

மறைத்தலுக்குச் சான்று ராஜன் வழக்கு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச் மாதத்தில், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் பிடித்துச் செல்லப்பட்டு, கக்கயம் முகாமில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார். அப்போது பத்திரிகைத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. எனவே காவல்துறை ஒன்றும் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை. நெருக்கடிநிலை விலக்கப்பட்ட பின், 1977 மார்ச்சில் தந்தை ஈச்சர வாரியர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். அதன் விளைவாக, முந்தைய ஆட்சியில் உள்துறையை வைத்திருந்து அப்போது முதலமைச்சராகியிருந்த கே. கருணாகரன் ஒரே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது.

பொய்யுரைத்தலுக்குச் சான்று வர்கீஸ் வழக்கு. நக்சலைட் தலைவர் அரீக்காட் வர்கீஸ் 1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் காவல்துறையுடனான மோதலில் கொல்லப்பட்டார் என்பதே அன்று வெளியான செய்தி. காட்டுக்குள் நடந்ததைச் சரிபார்க்கச் செய்தியாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. 'மோதல்' என்ற சொல் காவல்துறையின் சொல். அதுவே செய்தியின் சொல்லாகவும், பின்னர் வரலாற்றின் சொல்லாகவும் ஆயிற்று. 28 ஆண்டுகள் கழித்து, 1998இல், மத்திய ரிசர்வ் காவல் படையின் முன்னாள் காவலர் ராமச்சந்திரன் நாயர், பிடிபட்ட நிலையிலிருந்த வர்கீசை மேலதிகாரிகளின் ஆணைப்படி தாமே சுட்டதாக ஊடகங்கள் வழியாக அறிவித்தார். உயர்நீதிமன்ற ஆணையின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கைப் புலனாய்ந்தது. ஒப்புக்கொண்ட ராமச்சந்திரன் நாயரே முதல் எதிரியானார். தீர்ப்பைக் காணாமலே 2006இல் இறந்தார். 2010 அக்டோபரில் கொச்சியிலுள்ள சிறப்பு நீதிமன்றம் ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைவர் கே. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பொய்ச்செய்தி ஒரு நாளில் அச்சேறியது. அதன் திருத்தம் அச்சேற 40 ஆண்டுகள் ஆயின. எனினும், காவல்துறை கூறியதை 1970இல் சுமந்த அதே ஊடகமே 1998இல் ஒரு காவலரின் மனச்சாட்சிக்கும் இடமளித்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியான கசியவிடுதல் மற்ற இரண்டைக் காட்டிலும் நுட்பமானது. தமிழ் வாசகர்கள் அதை நம்பி நாராயணன் என்ற பெயரோடு சேர்த்து அறிவர். 1994 அக்டோபர் 20 அன்று மாலத்தீவுப் பெண் மரியம் ரஷீதா, விசாக் காலம் கடந்து தங்கிய குற்றத்துக்காகத் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். சாதாரணமான அவ்வழக்கு, சில வாரங்களில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரகசியங்கள் விற்கப்பட்டதான உளவு வழக்காக வளர்ந்தது. நவம்பர் 30 அன்று, கிரையோஜெனிக் எஞ்சின் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன் கைதானார். யார் என்ன ஒப்புக்கொண்டார், யாருக்கு எவ்வளவு பணம் கைமாறியது என்ற கதைகள் நாள்தோறும் ஏடுகளில் வந்தன. பெயரற்ற 'விசாரணை வட்டாரங்கள்' அவற்றின் மூலம். பெயரில்லாத மூலத்துக்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை என்பதே கசிவின் வலிமை.

இங்குச் சட்டத்தின் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது. 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. அடித்து வாங்கிய சொல்லாக இருக்கலாம் என்ற அச்சமே அதன் அடிப்படை. நீதிபதி கேட்கக் கூடாதென்று சட்டம் விலக்கிய அதே வாக்குமூலம், கசிவின் வழியாக ஊரார் அனைவரின் காதுக்கும் சென்றுவிடுகிறது. மேலும், 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி ஒரு குற்றவழக்கு நிலுவையில் இருப்பதாகக் கொள்ளப்படுவது, குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்தோ, நீதிமன்றம் அழைப்பாணை அல்லது பிடியாணை பிறப்பித்ததிலிருந்தோதான். கைதானவர் மிகவும் துணையற்று நிற்கும் நாட்களில் சட்டத்தின் காப்பும் மெலிந்திருக்கிறது.

1994 டிசம்பரில் வழக்கை ஏற்ற மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டுகள் பொய்யானவை என்று எர்ணாகுளம் தலைமை நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தது. 1996 மே மாதத்தில் நீதிமன்றம் அதை ஏற்று அனைவரையும் விடுவித்தது. மாநில அரசின் மறுவிசாரணை முயற்சியை 1998இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018 செப்டம்பர் 14 அன்று நம்பி நாராயணனுக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தில் இந்தியா தன் சொந்த எஞ்சினுடன் ஏவுதலில் வெற்றி கண்டது 2014 ஜனவரியில்தான். கைவசம் இல்லாத ஒன்றை விற்க முடியுமா என்ற எளிய கேள்வி, 1994இன் பெரும்பாலான தலைப்புச் செய்திகளில் இடம்பெறவில்லை.

பத்திரிகைகளை மட்டும் குறைகூறி இதை முடித்துவிட இயலாது. குற்றச்செய்தி எழுதுபவர் நாள்தோறும் காவல் நிலையத்தை நம்பியிருப்பவர். மூலத்தைச் சந்தேகிப்பவர் மறுநாள் செய்தியை இழக்கிறார். போட்டி ஏடு அதைப் பெற்றுக்கொள்கிறது. காவல்துறைக்கும் ஊடகத்தோடு பேச நியாயமான காரணங்கள் உண்டு: வதந்தியைத் தடுக்கவும், காணாமற்போனவரைத் தேடவும், மக்களுக்குக் கணக்குச் சொல்லவும் அது வேண்டும். இலண்டனின் ஸ்காட்லாந்து யார்டு 1919இல் செய்திப் பிரிவு தொடங்கியதற்கே, காவலர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்தியை விற்றதைத் தடுப்பது ஒரு காரணம். பேச்சை நிறுத்துவதன்று, பேசுபவருக்குப் பெயரும் பொறுப்பும் அளிப்பதே அங்கு கண்ட தீர்வு.

இந்தியாவில் உள்துறை அமைச்சகம் 2010 ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட அறிவுரையும் அதே திசையில் செல்கிறது. நியமிக்கப்பட்ட அதிகாரிகள் மட்டுமே பேச வேண்டும். கைதானவரை ஊடகங்கள் முன் நிறுத்தக் கூடாது என்று அது கூறியது. 2023 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், காவல்துறையின் ஊடகச் சந்திப்புகளுக்கு விரிவான வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு அதே அமைச்சகத்துக்கு ஆணையிட்டது. அறிவுரை வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் நெறிகள் கேட்கப்பட்டன என்பதே, அந்த அறிவுரை எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதைக் காட்டும்.

இந்நெறிகள் யாவும் வெளியே வரும் பேச்சை ஒழுங்குபடுத்துபவை. காவலறைக்குள் இரண்டாவது சாட்சி ஒருவர் இருப்பதை அவை உறுதிசெய்வதில்லை. வழக்கறிஞர், மருத்துவர், நடுவர் ஆகியோர் உரிய நேரத்தில் அங்கு சென்று சேரும்போதுதான் செய்தியாளருக்கும் கேட்டுச் சரிபார்க்க வேறொரு வாய் கிடைக்கும். நம்பி நாராயணனுக்கு 24 ஆண்டுகளுக்குப் பின்னாவது ஒரு தீர்ப்பு கிடைத்தது. வர்கீசுக்கு 40 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. மட்டாஞ்சேரியின் அந்தோணியோ தொழிலாளர்களின் முழக்கங்களிலும் நினைவு நாட்களிலுமே வாழ்கிறார். சாப்பா முறையையும் அப்போராட்டத்தையும் கே.எம். சிதம்பரன் 'துறமுகம்' என்ற நாடகமாக்கினார். அதைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023இல் வெளிவந்தது. காவலில் நடந்ததை மறவாதிருக்கும் பணியை அங்கு மக்களும் கலையுமே செய்துவந்திருக்கின்றன.