படை விட்டு வந்தோர்

போர்க்களத்திலே போற்றப்பட்ட வீரன் ஊர் திரும்பியபின் வேலை தேடி அலைவது சரித்திரத்திற் புதிதன்று. முதலாம் உலக மகாயுத்தத்திற் போரிட்ட அமெரிக்கர் ஆயிரக்கணக்கானோர், தமக்கு வாக்களிக்கப்பட்ட உதவிப்பணத்தை உடனே தரும்படி 1932இல் வாஷிங்டனிற் கூடினர். அரசாங்கம் படையை ஏவி அவர்களைக் கலைத்தது.

அந்த வடு மறையவில்லை. 1944 யூன் 22ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட சட்டம், படை விட்டு வருவோருக்குக் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் பொருளுதவி அளித்தது. 1956 வரையில் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் அதனாற் பயின்றனர்; அவருள் 22 இலட்சம் பேர் கல்லூரிகளையும் சர்வகலாசாலைகளையும் அடைந்தனர். கட்டுப்பாடும் உழைப்பும் வீரரிடம் முன்னரே இருந்தன. அவற்றைப் பிழைப்புக்குரிய தொழிலாக்கியது கல்வியே.

ஆனால், அதே கொடியின் கீழ்ப் போரிட்ட கறுப்பின வீரர் பலருக்கு, இனப்பாகுபாட்டினால் அந்த வாயில் அடைபட்டே கிடந்தது.