கலர் குஞ்சுக்கு முன்னால்: கோழி நிறத்தின் நூறு வருஷக் கதை

"கருப்புக் குஞ்சு பெட்டை, மஞ்சக் குஞ்சு சேவல்." கோழிக்குஞ்சு வாங்கும் இடத்தில் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்லிவிடுவார். தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று தொழிற்சாலைகள் சூழ்ந்துவிட்ட வட்டாரத்திலும் கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். பத்துக் குஞ்சில் ஏழு சேவலாகப் போய்விட்டால் முட்டைக் கணக்கு கவிழ்ந்துவிடும். சரி, நிறத்தை வைத்துச் சொல்ல முடியுமா? முடியும். ஆனால் எல்லாக் குஞ்சிலும் முடியாது.

நிறத்தைப் பார்த்துக் கோழியை வகை பிரிப்பது நமக்குப் பழைய பழக்கம்தான். சேவல்கட்டுக்காரர்கள் காகம், மயில், வல்லூறு, கீரி என்றெல்லாம் இறகு நிறத்தை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை வளர்ந்த பறவைக்கான பெயர்கள். பொரித்த அன்றைக்கு இருக்கும் பஞ்சு உதிர்ந்து, நிஜ இறகு முளைத்த பிறகுதான் பொருந்தும். நிறத்தை மட்டும் நம்பி இனத்தைச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இறகு கருப்பாக இருந்தாலே அது கடக்நாத் ஆகிவிடாது. தோல், நாக்கு, கால், இறைச்சி வரை கருமை ஓடியிருக்க வேண்டும்.

இனம் இருக்கட்டும், ஆணா பெண்ணா என்பதை நிறம் எப்படிச் சொல்கிறது? மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் வழியாக முடிவாகிறது. கோழியில் அது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன்னிடமுள்ள ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கும். மகளுக்குப் போவது டபிள்யூ. ஆகவே இசட்டில் உட்கார்ந்திருக்கும் நிறக் குணம் எதுவானாலும் அம்மாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும்.

இறகில் குறுக்குக் கோடு போட்ட பிளிமத் ராக் கோழியின் அந்தக் கோடு இப்படித்தான் பாலோடு சேர்ந்து நகர்கிறது என்று 1908இல் அமெரிக்காவின் வில்லியம் ஸ்பில்மேன் எடுத்துக் காட்டினார். கோடு போட்ட பெட்டையை, கோடு இல்லாத ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு சேர்த்துப் பாருங்க. எல்லாக் குஞ்சும் கருப்பாகவே பொரிக்கும். ஆனால் ஆண் குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அதே சிவப்புச் சேவலை வெள்ளிநிறக் குணம் உள்ள லைட் சஸ்ஸெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால் வெளிர் மஞ்சள் குஞ்சு ஆண், பழுப்புக் குஞ்சு பெண். ஜோடியை மாற்றிப் போட்டால், அதாவது கோடு போட்ட சேவல், கோடு இல்லாத பெட்டை என்று வைத்தால், இந்த அடையாளம் காணாமல் போய்விடும்!

இதைப் பண்ணைக்குக் கொண்டுபோனது போர். முதல் உலகப் போரில் பிரிட்டனில் தானியத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்கு எதற்குத் தீவனம் என்ற கேள்வி வந்தது. கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட் இந்த நிறக் கணக்கைப் பயன்படுத்தி, பொரித்த அன்றே ஆண் குஞ்சுகளைப் பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னார். பிறகு பீஸ் என்ற சகாவோடு சேர்ந்து, கலப்பு செய்யாமலே ஒரே இனத்துக்குள் ஆண் வெளிறியும் பெண் அடர்த்தியாகவும் பொரிக்கும் கேம்பார் இனத்தை உருவாக்கினார். 1920களில் ஜப்பானியர் குஞ்சின் மலவாயைப் பார்த்தே பால் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு நிறமே வேண்டாம்.

நம்ம ஊருக்கு வருவோம். நாமக்கல் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழிகள். ஆண், பெண் எல்லாமே மஞ்சள் குஞ்சுதான். அங்கே நிறம் கைகொடுக்காது. மலவாய் பார்க்க வேண்டும், அல்லது அதற்கென்று உருவாக்கிய வழிகளில் இறக்கையை விரித்துப் பார்க்க வேண்டும். கீழ் வரிசை இறகு மேல் வரிசையை விட நீளமாக இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சேவல்.

எந்த வழியாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். முதல் நாளே பால் தெரிந்துவிட்டதால், முட்டை இனத்துச் சேவல் குஞ்சு முதல் நாளே வேண்டாத சரக்கு ஆகிவிட்டது. கறிக்கும் அது லாபமில்லை, பிராய்லர் மாதிரி எடை போடாது. பெரும்பாலானவை அன்றே கொல்லப்படுகின்றன. மிச்சத்தில் ஒரு பகுதிதான் ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் ஏற்றப்பட்டு, கூடையில் தெருவுக்கு வந்து குழந்தைகள் கைக்குப் போகிறது. கலர் குஞ்சு வாங்கி, முட்டை போடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2022 ஜனவரியிலிருந்து ஜெர்மனி இந்தக் கொலையைத் தடை செய்துவிட்டது. அங்கே பழுப்பு முட்டைக் கோழிகளில் அடைவைத்த 13ஆம் நாள் வாக்கில், ஓட்டுக்கு வெளியிலிருந்தே ஒளி பாய்ச்சி, உள்ளே வளரும் கருவின் இறகு நிறத்தைப் படிக்கிறார்கள். அதே சிவப்பு, வெள்ளிக் கணக்குதான். வெள்ளைக் கோழிகளில் இந்த முறை வேலை செய்யாது.

அப்போ கொல்லைக் கோழி? நாட்டுக்கோழியில் சிறுவிடை, பெருவிடை, செவலை, சாம்பல் எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கலந்து கிடக்கின்றன. தாய், தகப்பன் இன்னதென்று தெரியாத குஞ்சின் நிறத்தை வைத்துப் பால் சொல்வது வெறும் ஊகம்தான். விற்பவர் உறுதியாகச் சொன்னால், "தாய்க்கோழி என்ன நிறம், சேவல் என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்க. பதில் இல்லையென்றால் ஒன்றரை, இரண்டு மாதம் பொறுத்து, கொண்டை சிவந்து பெருப்பதைப் பார்த்து வாங்கலாம். விலை கொஞ்சம் கூடும், ஆனால் பெட்டை என்று தெரிந்து வாங்கலாம்.