உதிரிப் பந்தும் உதைபந்தாட்ட வரலாறும்

உதைபந்தாட்டத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கோல் அடித்தோரின் வரலாற்றையே கூறுவர். பந்து வலையைத் தொட்ட கணம் நினைவில் நிற்கின்றது. அதற்குச் சற்று முன்னர், இரு அணிகளுள் எதற்கும் உரித்தாகாது உருண்டோடிய பந்தை ஒருவன் முந்திச் சென்று தன் வசப்படுத்திய கணம் மறந்துபோகின்றது. அத்தகைய பந்தை உதிரிப் பந்து என வழங்குவோம். அதனை மீட்கும் முயற்சி இவ்வாட்டத்தை எங்ஙனம் உருவாக்கியது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1863ஆம் ஆண்டில் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பெற்று, விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளின்படி பந்துக்கு முன்னால் நிற்கும் வீரன் ஆட்டத்திற் பங்குகொள்ளலாகாது. ஆகவே பந்தை முன்னே நிற்கும் தோழனுக்கு அனுப்ப வழியில்லை. ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓட, ஏனையோர் அவன் பின்னே நெருங்கி ஓடுவர். அவன் இடறிப் பந்தை இழந்தால், சிதறிய பந்தை எடுத்து மற்றொருவன் தொடர்வான். உதிரிப் பந்தை மீட்பதே அக்காலத்தின் முதன்மையான கூட்டுமுயற்சி எனலாம். 1866இல் அவ்விதி தளர்ந்தது. 1872 நவம்பர் 30இல் கிளாஸ்கோவில் நடந்த முதலாவது சர்வதேச ஆட்டத்தில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் கோலின்றிச் சமநிலை எய்தின. பந்தை ஒருவர்க்கொருவர் வழங்கி ஆடும் முறையிலே ஸ்கொத்லாந்தார் பின்னர் பெரும்பெயர் பெற்றனர். அம்முறை பரவவே, பின்தொடர்ந்தோடும் பழைய வழக்கம் மறைந்தது.

உதிரிப் பந்தின் மதிப்பை எண்ணால் அளக்க முற்பட்டவர்களுள் முன்னோடி ஓர் ஆங்கிலேயர். விமானப் படையிற் கணக்காளராயிருந்த சாள்ஸ் றீப், 1950 மார்ச் 18இல் சுவிண்டன் நகரிலே ஆட்டமொன்றைப் பார்க்கும்போது குறிப்பெடுக்கத் தொடங்கினார். பல்லாண்டு திரட்டிய கணக்கை 1968இல் பேர்ணாட் பெஞ்சமின் என்பாருடன் சேர்ந்து வெளியிட்டார். எதிரணியின் கோலுக்கு அண்மையில் மீட்கப்பட்ட பந்துகளிலிருந்து கோல்கள் பெருமளவிற் பிறக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. ஆயின், பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதனிற் குறைந்த வழங்கல்களால் வந்தனவாதலின் நீளமாக உதைத்து ஆடுதலே சிறந்தது என்றும் அவர் முடிவுகட்டினார். இங்கேதான் வழுவுண்டு. ஒரு வகுப்பில் மிகப் பெரும்பாலானோர் ஆண்பிள்ளைகளாயின், சித்தியெய்தியோருள்ளும் அவர்களே மிகுந்திருப்பர். அதனால் அவர்கள் வல்லவராகிவிடார். அவ்வாறே, ஆட்டத்தில் மிகப் பெரும்பாலான முயற்சிகள் ஓரிரு வழங்கல்களிலேயே முடிந்துவிடுகின்றன. பிற்கால ஆய்வாளர் இக்குறையை எடுத்துக்காட்டினர்.

றீப் கண்ட முதல் உண்மையை வேறு நாட்டார் வேறு வழியிற் பயன்படுத்தினர். சோவியத் நாட்டில் விக்டர் மஸ்லோவின் பயிற்சியில் டைனமோ கீவ் அணி, பந்து வைத்திருப்பவனைக் கூட்டமாக நெருக்கி ஆடி, 1966 முதல் 1968 வரை தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றது. நெதர்லாந்தில் றீனஸ் மிக்கெல்ஸ் பயிற்றிய அஜாக்ஸ் கழகம் 1971இல் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அவ்வழியில் வந்த குவார்டியோலாவின் பார்சிலோனா அணி 2009இலும் 2011இலும் ஐரோப்பாவின் முதலிடம் எய்தியது. பந்தை இழந்ததும் பின்வாங்காது, சில விநாடிகளுக்குள் அதனை மீட்க முனைவது அதன் வழக்கம். யேர்கன் குளொப்பின் லிவர்பூல் 2019இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்றதற்கும் இத்தகைய ஆட்டமே அடிப்படையாய் நின்றது.

இதன் காரணம் எளிது. பந்தை அப்போதுதான் பறித்தவன் இன்னும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுடைய தோழர்களோ தாக்குதலுக்கெனச் சிதறத் தொடங்கிவிட்டனர். அந்தக் கணத்திலே பந்தை மீட்பவன் ஒழுங்கு குலைந்த காவலை எதிர்கொள்கின்றான்.

மீட்போரின் அருமையை இழந்தபின் உணர்ந்த கழகங்களும் உண்டு. 2003இல் றியல் மட்ரிட் கழகம் குளோட் மக்கெலெலே என்னும் வீரரைச் செல்சிக்கு விற்றது. புகழ்மிக்க தாக்குவோர் பலர் அங்கு எஞ்சியிருந்தும், அடுத்த மூன்று பருவங்களில் ஸ்பானிய லீக் பட்டம் அதற்குக் கிட்டவில்லை. செல்சியோ 2005இலும் 2006இலும் ஆங்கில லீக் பட்டத்தை வென்றது. ஒருவரே இதற்கெல்லாம் காரணரென்பது மிகையாகும். ஆயினும் இஃது எண்ணத்தக்கது.

மீட்டல்களின் தொகையை மட்டும் எண்ணுவதும் தவறு. அடிக்கடி பந்தை இழக்கும் அணியே அடிக்கடி மீட்கவும் நேரும். எங்கே மீட்டது, மீட்டபின் என் செய்தது என்பனவே வெற்றியைத் துணிவன.

நம் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் கூடுதலான கோல் அடித்தவனுக்குக் கிண்ணம் உண்டு. முந்தி ஓடிப் பந்தை மீட்டு அவன் காலடியிற் சேர்த்தவனுக்கும் ஒரு கிண்ணம் வைப்போமாயின், அடுத்த ஆண்டு அணி எவ்வாறு ஆடுமென்பதைப் பார்க்கலாம்.