2 மணி நேரம், 14 நாள்: ஒரு ரீஃபண்ட் பொத்தானின் வரலாறு

ஸ்டீமில் ஒரு கேம் வாங்கி, 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். "பிடிக்கல" என்பதே போதும். இன்றைக்கு கேம் ஆடுகிறவர்களுக்கு இது குழாயில் தண்ணி வருகிற மாதிரி, எப்போதும் இருந்த ஒன்று. ஆனால் ஸ்டீம் தொடங்கி கிட்டத்தட்ட 12 வருஷம் இந்தப் பொத்தானே கிடையாது. அது எப்படி வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கட்டுரையாக்கியிருக்கிறேன்.

டிஸ்க் காலத்தில் ஏமாந்தவனுக்கு ஒரு வழி இருந்தது. கேம் மட்டமா? நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம், பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். பொருள் கையில் இருந்தது. டிஜிட்டல் கடை முதலில் பறித்தது அதைத்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வால்வ் நிறுவனம் ஸ்டீமை 2003 செப்டம்பர் 12 அன்று வெளியிட்டது. அப்போது அது கடையே இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் மாதிரியான தங்கள் சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்புகிற ஒரு மென்பொருள். 2004 நவம்பர் 16 அன்று ஹாஃப்-லைஃப் 2 வந்தபோதுதான் ஜனங்களுக்கு விஷயம் உறைத்தது. கடையில் போய்ப் பெட்டியோடு வாங்கினவர்கூட இணையத்தில் ஸ்டீம் கணக்கு திறந்து அனுமதி வாங்கினால்தான் ஆட முடியும். முதல் நாளே சர்வர்கள் திணறின. காசு கொடுத்து வாங்கின டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கணக்கோடு கட்டிப்போட்ட கேமை வேறொருவருக்கு விற்கவும் முடியாது. திருப்பித் தருவதா? ஒப்பந்தத்திலேயே கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதியாகிவிட்டது.

பிறகு வந்த வருஷங்களில் இந்த விதி இரும்புக் கதவு மாதிரி நின்றது. ரொம்ப மோசமான சந்தர்ப்பங்களில் மட்டும் கொஞ்சம் திறக்கும். 2012 டிசம்பரில் 'தி வார் இசட்' என்ற ஜாம்பி கேம் ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. கடைப்பக்கத்தில் ஒரு பெரிய பட்டியல்: பல வரைபடங்கள், ஒரு சர்வரில் 100 பேர் வரை, திறன் வளர்ச்சி முறை, சொந்த சர்வர் வசதி. வாங்கிப் பார்த்தால் பட்டியலில் இருந்த பல விஷயங்கள் கேமில் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். இரண்டு மூன்று நாளிலேயே வால்வ் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, அதைக் கடைக்கு விட்டதே தவறு என்று ஒப்புக்கொண்டு, கேட்டவர்களுக்குப் பணம் தந்தது. கடைக்காரர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை. உரிமை வேறு, தயவு வேறு இல்லையா?

சின்னதாக ஒரு விரிசல் போட்டி கடையிலிருந்து வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன்னுடைய ஆரிஜின் கடையில் 2013 ஆகஸ்டில் ஒரு உத்தரவாதம் அறிவித்தது. அவர்கள் வெளியிட்ட கேமை முதலில் திறந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள், அல்லது வாங்கி 7 நாளுக்குள், திருப்பிக் கொடுக்கலாம். ரசிகர்கள் திட்டித் தீர்க்கிற கம்பெனி ஒன்று இதை முதலில் செய்தது என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு உண்டு.

இனிதான் கதையின் முக்கியமான பகுதி. 2014 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லையென்றால் வாங்கியவருக்குச் சில உரிமைகள் தானாகவே உண்டு. விற்பவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் அவற்றை அழிக்க முடியாது. "எந்தச் சூழ்நிலையிலும் பணம் கிடையாது" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது, அவருக்கு இருக்கிற உரிமையை இல்லை என்று பொய் சொல்வதாகும். ஆணையத்தின் வாதம் இதுதான்.

வால்வின் எதிர்வாதங்களைப் படித்தால் டிஜிட்டல் வியாபாரத்தின் மனசு அப்படியே தெரியும். ஒன்று, எங்கள் ஒப்பந்தம் வாஷிங்டன் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. இரண்டு, நாங்கள் ஆஸ்திரேலியாவில் வியாபாரமே செய்யவில்லை. மூன்று, நாங்கள் விற்பது 'பொருள்' அல்ல. ஒரு சந்தா, ஓர் உரிமம் மட்டுமே. பொருளே இல்லாதபோது பொருளுக்கான உத்தரவாதம் எங்கிருந்து வரும்?

2016 மார்ச்சில் நீதிபதி எடெல்மன் மூன்றையும் தள்ளினார். ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தைச் சொன்னாலும் ஆஸ்திரேலிய நுகர்வோர் பாதுகாப்பைத் தாண்ட முடியாது. அந்த நாட்டில் 22 லட்சம் ஸ்டீம் கணக்குகள், அங்கேயே சர்வர்கள். இதற்குப் பெயர் வியாபாரம்தான். மூன்றாவது வாதத்துக்குச் சட்டத்தின் வரையறையே பதில் சொன்னது: 'பொருள்' என்ற சொல்லுக்குள் கணினி மென்பொருளும் அடக்கம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆணையம் சொன்ன எல்லாக் குற்றச்சாட்டும் ஏற்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆணிவேரான கேள்வியில் ஜெயித்துவிட்டார்கள்.

அபராதத்துக்கான விசாரணை தனியாக நடந்தது. ஆணையம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கேட்டது. வால்வ் இரண்டரை லட்சம் போதும் என்றது. 2016 டிசம்பரில் நீதிபதி 30 லட்சத்தையே விதித்தார். வால்வ் அந்த நாட்டுச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று சட்ட ஆலோசனைகூடக் கேட்காமலே முடிவு செய்துகொண்டதை அவர் சும்மா விடவில்லை. மேல்முறையீடு 2017 டிசம்பரில் தோற்றது. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் வழக்கைக் கேட்க மறுத்தது. (ஆஸ்திரேலியாவில் 'உயர் நீதிமன்றம்' என்பதுதான் உச்சி, நம் ஊர் கணக்கில் உச்ச நீதிமன்றம்.)

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். வழக்கு 2014-ல், தீர்ப்பு 2016-ல். ரீஃபண்ட் பொத்தான் வந்தது 2015 ஜூன் 2. அதாவது வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, உலகம் முழுவதுக்கும். வழக்கால்தான் வந்தது என்று ஆணையடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஐரோப்பாவிலும் 2014-லிருந்து 14 நாள் திரும்பக் கொடுக்கும் உரிமை புதுச் சட்டமாக வந்திருந்தது. டிஜிட்டல் சரக்கில் வாடிக்கையாளர் சம்மதித்தால் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்ற ஓட்டை இருந்ததால், ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்திலேயே அந்தச் சம்மதத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த '14 நாள்' என்ற எண்ணைப் பார்க்கும்போது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கத்தான் தோன்றுகிறது.

பொத்தான் வந்த மூன்றே வாரத்தில் பரீட்சையும் வந்தது. ஜூன் 23 அன்று 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' வெளியானது. கன்சோலில் பிரமாதம், கணினியில் படுமோசம். விநாடிக்கு 30 ஃபிரேம் என்று பூட்டி வைத்திருந்தும் திக்கித் திக்கி ஓடியது. ஆயிரம் எதிர்மறை விமர்சனம் செய்யாததை ரீஃபண்ட் செய்தது என்பது என் எண்ணம். மறுநாளே வார்னர் பிரதர்ஸ் கணினிப் பதிப்பின் விற்பனையை நிறுத்தியது. நான்கு மாதம் பழுதுபார்த்து அக்டோபர் 28 அன்று திரும்ப விட்டார்கள். அப்போதும் சரியாகவில்லை. எவ்வளவு நேரம் ஆடியிருந்தாலும் வருஷக் கடைசி வரை பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனி ஒன்று தன் கேமைத் தானே கடையிலிருந்து எடுப்பது அப்போது அபூர்வம்.

அடுத்த வருஷம் 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை'. இங்கிலாந்தின் கில்ஃபர்ட் ஊரில் ஒரு சின்னக் குழு செய்த கேம், ஆனால் எதிர்பார்ப்பு மலையளவு. பேட்டிகளில் மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்கலாம் என்ற நம்பிக்கையை ஷான் மர்ரே கொடுத்திருந்தார். வெளியான கையோடு இரண்டு பேர் ஒரே கிரகத்தின் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. எனக்கு இந்தச் சம்பவம் ஒரு சிறுகதை மாதிரிப் படுகிறது, விட்டுவிடுவோம். இங்கேதான் 2 மணி நேர விதியின் பலவீனம் வெளிப்பட்டது. விண்கலத்தைச் சரிசெய்து, நாலு கிரகம் சுற்றி, "இவ்வளவுதானா?" என்று தெரிவதற்குள் 2 மணி நேரம் ஓடிவிடும். 50 மணி நேரம் ஆடினவருக்கும் பணம் கிடைக்கிறது என்று வதந்தி கிளம்ப, வழக்கமான விதிதான், விதிவிலக்கு எதுவும் இல்லை என்று ஸ்டீம் அந்த கேமின் கடைப்பக்கத்திலேயே அறிவிப்பு ஒட்டியது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையமும் புகார்களை விசாரித்து, விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று முடித்துவிட்டது. அந்தக் குழு வாயை மூடிக்கொண்டு வருஷக்கணக்கில் இலவசமாக அப்டேட் கொடுத்தது. 2018 ஜூலையில் ஒருவரையொருவர் பார்த்துச் சேர்ந்து ஆடவும் முடிந்தது. பழைய கோபக்காரர்களே திரும்பி வந்தார்கள். ஆனால் இதை எல்லாரும் செய்வார்கள் என்று நம்பிக் காசு போடுவது புத்திசாலித்தனமில்லை.

2020 டிசம்பர் 10. 'சைபர்பங்க் 2077'. முன்பதிவு மட்டும் 80 லட்சம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு; பழைய பிளேஸ்டேஷன் 4-ல் எப்படி ஓடுகிறது என்று வெளியாகும்வரை யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது ரகளை. 14-ஆம் தேதி போலந்தின் சிடி ப்ராஜெக்ட் மன்னிப்புக் கேட்டது. திருப்தி இல்லாதவர்கள் பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்றது. ஆனால் காசு இருப்பது கடைக்காரர் கல்லாவில்! பிளேஸ்டேஷன் கடையின் விதிப்படி, டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் கிடையாது. செய்தவன் அங்கே போ என்கிறான், விற்றவன் முடியாது என்கிறான். நடுவில் வாங்கினவன் அல்லாடினான். இந்த நாலு நாள் கூத்து, சோனி அந்த கேமையே கடையிலிருந்து தூக்கி, டிஜிட்டலில் வாங்கிய எல்லாருக்கும் பணம் தருகிறேன் என்றபோது முடிந்தது. ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 21 அன்றுதான் திரும்ப வந்தது. வாங்குபவர்களுக்கு ஜெயம் மாதிரித் தெரிந்தாலும் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. சோனியின் பொது விதி இதனால் மாறவில்லை. 'தி வார் இசட்' காலத்துத் தயவு, பெரிய அளவில், அவ்வளவே.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் 'சம்மர் ஆஃப் 58' என்ற சின்ன திகில் கேமைச் செய்தவர், கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துகிறேன் என்று அறிவித்தார். கேம் ஒன்றரை மணி நேரம்தான். நல்ல விமர்சனம் எழுதியவர்கள்கூட முழுசா ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இலையைக் காட்டிக் காசு கேட்பது இது. பெரிய கம்பெனியின் 60 மணி நேர கேமில் ஓட்டை 40-வது மணி நேரத்தில் இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. தனி ஆளின் 90 நிமிஷ கேமில் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. நேரத்தை வைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும். வேறு எதை வைத்து அளப்பது என்று யோசித்தால் எனக்கும் நல்ல பதில் கிடைக்கவில்லை. வால்வ் 2024 ஏப்ரலில் ஒரு ஓட்டையை அடைத்தது: அதிகக் காசு கொடுத்து முன்கூட்டியே ஆடுகிற நேரமும் அந்த 2 மணி நேரக் கணக்கில் சேரும். குறுகிய கேம்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அந்த ஆஸ்திரேலிய வழக்கின் மூன்றாவது வாதம் ஞாபகம் இருக்கிறதா? "விற்பது பொருள் அல்ல, உரிமம்." யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வர்களை மூடியபோது, காசு கொடுத்து வாங்கினவர்களால் தனியாக ஆடும் பகுதியைக்கூடத் திறக்க முடியவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் கடைகள் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக்கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அமல். ஸ்டீம் அதுவரை காத்திருக்கவில்லை. 2024 அக்டோபரிலேயே, பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே, நீங்கள் வாங்குவது ஓர் உரிமம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வந்துவிட்டது.