இயங்குதளங்கள் கைவிட்ட சிப்: ஐட்டானியம்

"சர்வருக்கு எந்த ஓ.எஸ். போடலாம்?"னு யாராவது கேட்டா, நான் திருப்பிக் கேட்பது "உள்ளே என்ன ப்ராசசர்?" என்றுதான். இன்று பெரும்பாலும் எக்ஸ்86 அல்லது ஆர்ம் என்று பதில் வரும். இருபது வருடத்துக்கு முன் இன்னொரு பதிலும் இருந்தது: ஐட்டானியம்.

1994-ல் எச்.பி.யும் இன்டெல்லும் சேர்ந்து இந்த 64 பிட் சிப்பைத் தொடங்கின. எந்தெந்தக் கட்டளைகளை ஒன்றாக ஓட்டலாம் என்பதை மற்ற சிப்புகள் ஓடும்போதே முடிவு செய்யும். இதில் அந்த வேலை முழுக்கக் கம்பைலர் தலையில். ஆனால் நிஜ புரோகிராம்கள் எப்படி ஓடும் என்பதை முன்கூட்டியே கணிப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? 2001-ல் சிப் சந்தைக்கு வந்தது. பழைய எக்ஸ்86 மென்பொருளும் அதில் ஓடும், ஆனால் நத்தை வேகம்.

2003-ல் ஏ.எம்.டி. ஆப்டெரானைக் கொண்டுவந்தது. 64 பிட்டும் உண்டு, பழைய மென்பொருளும் அதே வேகத்தில் ஓடும். அடுத்த வருடமே இன்டெல்லும் தன் ஜியானில் அதே வழிக்கு வந்துவிட்டது. ஆட்டம் அங்கேயே முடிந்தது என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ரெட் ஹாட் லினக்ஸ் 5-ஆம் பதிப்போடு நிறுத்தியது. மைக்ரோசாஃப்டுக்கு விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 கடைசி. 2011-ல் ஆரக்கிளும் இனி புதிய பதிப்பு கிடையாது என்றது. எச்.பி. வழக்குப் போட்டது, 2016-ல் ஜூரி 300 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனாலும் கோர்ட்டில் ஜெயித்ததால் சிப் பிழைக்கவில்லை. 2021-ல் கடைசி சிப்புகள் அனுப்பப்பட்டன. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.7-ல் அதற்கான நிரல் நீக்கப்பட்டது.

மாட்டிக்கொண்டது யார் என்று பார்த்தால், ஓ.எஸ்.ஸை நம்பி மெஷின் வாங்கியவர்கள். ஓப்பன்வி.எம்.எஸ். வைத்திருந்தவர்கள் வாக்ஸிலிருந்து ஆல்ஃபாவுக்கும், அங்கிருந்து ஐட்டானியத்துக்கும் மாறினார்கள். எக்ஸ்86 பதிப்பு உற்பத்திப் பயன்பாட்டுக்கு வந்தது 2022-ல்தான். எச்.பி-யூஎக்ஸ்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. அது எக்ஸ்86-க்கு வரவே இல்லை. மெஷினை மாற்ற வேண்டுமென்றால் ஓ.எஸ்.ஸையும், அதன்மேல் எழுதிய எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

ஐட்டானியம் வாங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்கிய அன்று பொருந்தும் பட்டியலில் விண்டோஸ், லினக்ஸ், யூனிக்ஸ் எல்லாமே இருந்தன. பட்டியல் பொய் சொல்லவில்லை; அது அன்றைய நிலவரம், அவ்வளவுதான். சர்வரோ பத்து, பதினைந்து வருடம் ஓடுகிறது. அதனால் அந்தப் பட்டியலோடு இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள்: இந்த ஓ.எஸ். வேறு எந்தெந்த சிப்பில் ஓடுகிறது? இந்த சிப்பில் வேறு யாருடைய ஓ.எஸ். ஓடுகிறது? இரண்டுக்கும் ஒரே கம்பெனியின் பெயர் மட்டும் பதிலாக வந்தால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியதுதான்.